"முப்பது நாள் இருக்கிறதே" என்று எந்தப் பாலிசியைச் சொன்னார்கள்?

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் கரூரில் சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறார். வயது 38. இரண்டு பிள்ளைகள். போன வருடம் ஜவுளி லோடு சரியாக இல்லாததால் எதையும் நேரத்துக்குக் கட்ட முடியவில்லை. 2020 மார்ச்சில் எடுத்த எல்.ஐ.சி. எண்டோமென்ட் பாலிசி (3 லட்சம், 20 வருடம், அரையாண்டுக்கு ரூ.8,050) போன மார்ச், செப்டம்பர் இரண்டு தவணையும் பாக்கி. நான்கு வருடமாகக் கட்டிவந்த குடும்ப மருத்துவ இன்சூரன்ஸ் முடிந்து 19 நாள் ஆகிறது. போன வருடம் அதற்கு ரூ.17,228 கட்டினோம். வண்டி இன்சூரன்ஸ் முடிந்து 12 நாள். வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர், "எல்லாத்துக்கும் 30 நாள் கிரேஸ் இருக்கு, பதறாதீங்க" என்கிறார். கையில் 35,000 ரூபாய்தான் இருக்கிறது. எதை முதலில் கட்டுவது? எட்டு மாதம் முன்பு அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எல்.ஐ.சி. பாலிசியைப் புதுப்பிக்கும்போது அதைச் சொல்லாமல் விட்டால் நல்லது என்று அதே நண்பர் சொல்கிறார். என்ன செய்வது?

— ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கீழே போன் நம்பர் எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. வண்டி விஷயம் பதில் அச்சாகும் வரை காத்திருக்காது என்பதால் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களோடு பேசிவிட்டேன். வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டதாகச் சொன்னீர்கள். மனசு லேசானது. மற்றதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். இந்த 28 வருடத் தொழிலில், "கிரேஸ் இருக்கே" என்ற ஒரே வார்த்தையை நம்பி மருத்துவமனை வாசலில் கையைப் பிசைந்து நின்ற பலரைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நண்பர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது மூன்று வகை இன்சூரன்ஸ். 'கிரேஸ்' என்ற சொல்லுக்கு மூன்றிலும் மூன்று பொருள். ஆயுள் காப்பீட்டில் அந்த 30 நாளும் பாலிசி உயிரோடு இருக்கிறது, கவரும் இருக்கிறது. நீங்கள் எடுத்திருப்பது போன்ற வருடாந்திர மருத்துவக் காப்பீட்டில் அந்த 30 நாளும் கவர் கிடையாது. பழைய பாலிசியின் தொடர்ச்சியை விடாமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்த அவகாசம். வண்டி இன்சூரன்ஸில் கவருக்குக் கிரேஸ் என்பதே இல்லை. சான்றிதழில் போட்டிருக்கும் கடைசி நாள் நள்ளிரவோடு முடிந்தது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் 2020 ஊரடங்கு. மார்ச் 25 முதல் மே 3 வரை முடிந்த மருத்துவ, வண்டிப் பாலிசிகளுக்கு மே 15-க்குள் பணம் கட்டினால், முடிந்த தேதியிலிருந்தே கவர் தொடரும் என்று மத்திய அரசு தனியாக அறிவித்தது. அது அந்த நெருக்கடிக்காக மட்டும் கொடுத்தது. அப்போது பயனடைந்தவர்களில் பலர் அதுதான் எப்போதும் விதி என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 146-ம் பிரிவின்படி தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு) இல்லாமல் வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ வரலாம். மறுபடி பிடிபட்டால் 4,000. அபராதத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. கரூர் பைபாஸில் ஒரு டூ வீலர்காரர் மீது வண்டி உரசி, அவர் உயிருக்கு ஆபத்தாகிவிட்டால்? தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை, பாலிசி உயிரோடு இருந்தால் கம்பெனி கொடுக்கும். இல்லையென்றால் வண்டி ஓனர் கொடுக்க வேண்டும், அதாவது உங்கள் வீடு. இறந்தவரின் வயது, சம்பாத்தியம், அவரை நம்பியிருந்தவர்கள் என்று பார்த்துக் கணக்குப் போடும் தொகை அது. பல லட்சங்களில் வரும்.

வண்டிப் பாலிசியோடு கட்டாயமாக வரும் இன்னொன்று ஓனர்-டிரைவர் விபத்துக் கவர், 15 லட்சம். லைசென்ஸ் உள்ள ஓனரே வண்டியை ஓட்டும்போது விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு வரும் பணம். உங்கள் வீட்டில் இருக்கும் காப்பீடுகளிலேயே பெரிய தொகை இதுதான். அதுவும் அந்த நள்ளிரவோடு போய்விட்டது என்று போனில் சொன்னபோது நீங்கள் சற்று நேரம் பேசவே இல்லை.

ஏழரை டன் வரையிலான சரக்கு வண்டிக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் 2022 ஜூனில் நிர்ணயித்த கணக்கில் ரூ.16,049. வரியும் விபத்துக் கவரும் சேர்ந்தால் பதினேழாயிரத்தைச் சுற்றி வரும். 17,300 என்று வைத்துக்கொள்வோம். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் சேர்த்து ஃபுல் கவர் எடுத்தால் இன்னும் சில ஆயிரம். முடிந்த பாலிசி என்பதால் அதற்கு வண்டியைப் பார்த்து போட்டோ எடுத்த பிறகுதான் கொடுப்பார்கள். க்ளெய்ம் செய்யாததற்கான என்.சி.பி. கழிவு, பாலிசி முடிந்து 90 நாள் வரை காப்பாற்றப்படும், அதனால் அதை நினைத்து அவசரப்பட வேண்டாம். வண்டிக்குக் கடனும் இல்லை என்றீர்கள். என் யோசனை, இந்த வருடம் தேர்டு பார்ட்டியும் ஓனர்-டிரைவர் கவரும் மட்டும் எடுங்கள். வண்டியில் அடிபடுகிற தகரத்தை எப்படியாவது தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்காமல் பாருங்கள்: பணம் கட்டியதும் வரும் சான்றிதழில் கவர் தொடங்கும் தேதியோடு மணியும் போட்டிருக்கும். அந்த மணிக்குப் பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

இனி மருத்துவ இன்சூரன்ஸ். உங்கள் கணக்குப்படி இதை எழுதும் இன்று 21-ம் நாள். இன்னும் 9 நாள் இருக்கிறது. 30 நாளுக்குள் கட்டினால் நான்கு வருடமாக நீங்கள் சேர்த்துவைத்தது அப்படியே தொடரும். 31-ம் நாள் போனால் அது புதுப் பாலிசி.

சேர்த்துவைத்தது என்ன என்று யோசிக்கிறீர்களா? மருத்துவப் பாலிசியில் நாம் கட்டிய பணம் சேர்வதில்லை, நாம் காத்திருந்த காலம்தான் சேர்கிறது. புதிதாக எடுத்தால் முதல் 30 நாளுக்கு விபத்து தவிர எந்த நோய்க்கும் பணம் வராது. கண்புரை, ஹெர்னியா மாதிரி சிலவற்றுக்குத் தனியாகக் காத்திருப்புக் காலம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம். கடைசியாகச் சொன்னதில்தான் உங்கள் வீட்டு விஷயம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை தெரிந்தது எட்டு மாதம் முன்பு, பாலிசி எடுத்து மூன்று வருடத்துக்கு மேல் ஆன பிறகு. அதனால் இந்தப் பாலிசியைப் பொறுத்தவரை அது 'பாலிசிக்கு முன்பே இருந்த நோய்' கிடையாது. நாளைக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்தாலும், சிறுநீரகம் பாதித்தாலும் இந்தப் பாலிசி நிற்கும். தொடர்ச்சி அறுந்து புதிதாக எடுத்தால் அதே சர்க்கரை 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும். மூன்று வருடம் வரை அதற்கும் அதனால் வருவதற்கும் கம்பெனி கையை விரிக்கலாம். புதுப் பாலிசி தருகிறோமா இல்லையா என்று யோசிக்கவும் அவர்களுக்கு உரிமை வந்துவிடும். இருக்கும் பாலிசியைத் தொடர்வதற்கு, சர்க்கரை வந்துவிட்டது என்று சொல்லி யாரும் மறுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. இடைவெளி இல்லாமல் 60 மாதம் ஓடிய மருத்துவப் பாலிசியில், 'விண்ணப்பத்தில் அதைச் சொல்லவில்லை, இதை மறைத்தீர்கள்' என்று காரணம் காட்டி க்ளெய்மைத் தட்டிவிட முடியாது, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய. முன்பு இது 8 வருடமாக இருந்தது, 2024-ல் 5 வருடமாகக் குறைத்தார்கள். நீங்கள் 48 மாதம் தாண்டிவிட்டீர்கள். இன்னும் ஒரு வருடம்தான். இந்த நேரத்தில் ஒன்பது நாளைக் கோட்டைவிட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆனால் இந்த 9 நாளும் உங்களுக்குக் கவர் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஈரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரை டெங்கு என்று தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பாலிசி முடிந்து 23-ம் நாள். மகன் பில்லிங் கவுண்டருக்குப் பக்கத்திலேயே நின்று போனில் ரினியூவல் பணத்தைக் கட்டி, வந்த எஸ்.எம்.எஸ்.ஸை எனக்குக் காட்டினார். "கிரேஸுக்குள்ள கட்டிட்டேன் சார், இனி கேஷ்லெஸ் ஆயிடும்ல?" அவருடைய போனை வாங்கி, பாலிசியைத் திறந்து, கவர் தொடங்கும் தேதியைத் தொட்டுக் காட்டினேன். அன்றைய தேதி. அப்பா அட்மிட் ஆனது அதற்கு முந்தைய நாள் இரவு. பழைய தொடர்ச்சி, காத்திருந்த காலம், போனஸ் எல்லாம் பத்திரமாகத் தொடர்ந்தன. அந்த நான்கு நாள் வார்டு பில் மட்டும் அவர் கையிலிருந்துதான் போனது. கம்பெனி ஏமாற்றவில்லை, பணம் வராத நாட்களுக்குக் கவர் இல்லை என்று பாலிசியிலேயே எழுதியிருந்தது. அந்தப் பையன் அதற்கப்புறம் கவுண்டர் கண்ணாடியைப் பார்த்தபடி நின்ற நிற்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மருத்துவப் பிரீமியத்தை மாதத் தவணையாகவோ காலாண்டுத் தவணையாகவோ கட்டுபவர்களுக்கு இதில் ஒரு வித்தியாசம் உண்டு. பாலிசி வருடத்தின் நடுவில் ஒரு தவணை தவறினால், அந்த அவகாச நாட்களிலும் கவர் இருக்கும். மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். நீங்கள் மொத்தமாகக் கட்டுபவர் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. இந்த வருடம் புதுப்பிக்கும்போது தவணை முறை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கும்.

பணத்தில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. போன வருடம் கட்டிய 17,228-ஐ வைத்து நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அதில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்திருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அடிப்படைப் பிரீமியத்தைக் கம்பெனி ஏற்றாமல் இருந்தால் நீங்கள் கட்ட வேண்டியது 14,600 தான். ஆப்பில் காட்டும் தொகையை ஒருமுறை பாருங்கள். கூட இருந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

வண்டிக்கு 17,300, மருத்துவத்துக்கு 14,600. இரண்டும் 31,900. கையில் மீதி 3,100.

எல்.ஐ.சி. பாலிசியைக் கடைசியில் வைத்தேன் என்று வருத்தப்படாதீர்கள். மூன்றில் அதுதான் இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். அதற்குக் காரணம் நீங்கள் ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டியது. முதல் வருடத்திலேயே நிறுத்தியிருந்தால் அநேகமாக எல்லாம் போயிருக்கும். நீங்கள் 40 தவணையில் 10 கட்டிவிட்டீர்கள். அதனால் பாலிசி முழுவதுமாகச் சாகவில்லை, 'பெய்டு-அப்' ஆகியிருக்கிறது. 3 லட்சத்தில் நாற்பதில் பத்து பங்கு, அதாவது 75,000 ரூபாயும், இதுவரை சேர்ந்த போனஸும் நிற்கும். இன்றைக்கு அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு வருவது அவ்வளவுதான்; 3 லட்சம் வராது. இனிமேல் புது போனஸும் சேராது. விபத்து ரைடர், அதாவது விபத்துக்கான கூடுதல் கவர், எடுத்திருந்தால் அது நின்றுவிட்டது. சில பாலிசிகளில் தவணை நின்ற பிறகும் கொஞ்ச காலம் முழுக் கவர் தொடர்வதற்கு 'ஆட்டோ கவர்' என்று ஒரு விதி இருக்கும். பத்திரத்தைப் புரட்டி உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அரையாண்டுத் தவணைக்கு 30 நாள் அவகாசம் என்றால் போன மார்ச் தவணைக்கு ஏப்ரல் வரை இருந்தது. அந்த நாட்களில் கட்டியிருந்தால் வட்டிகூட இல்லை. அந்த நாட்களுக்குள் அவருக்கு ஏதாவது நேர்ந்திருந்தாலும் பாக்கித் தவணையைக் கழித்துக்கொண்டு முழுத் தொகையும் கொடுத்திருப்பார்கள். நண்பர் சொன்ன 30 நாள் இதுதான். சொன்னது சரி, ஆனால் அது போன வருடம் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது ரிவைவல், அதாவது நின்றுபோன பாலிசிக்கு மறுபடி உயிர் கொடுப்பது. முதல் பாக்கி விழுந்த தேதியிலிருந்து 5 வருடம் வரை அதற்கு வழி இருக்கிறது. அது காகிதத்தில் இருக்கும் அவகாசம். நடுவில் வரும் ஒவ்வொரு நாளும் கவர் இல்லாத நாள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2011 ஏப்ரலில் எடுத்த பாலிசி, அரையாண்டுத் தவணை, அக்டோபர் தவணை கட்டவில்லை. 2012 மார்ச் 6-ல் விபத்து. மார்ச் 9-ல் பாக்கியைக் கட்டினார்கள். மார்ச் 21-ல் அவர் இறந்துபோனார். அடிப்படைத் தொகையான 3,75,000-ஐ எல்.ஐ.சி. கொடுத்தது. விபத்துக்கான கூடுதல் 3,75,000-ஐ மறுத்தது. நுகர்வோர் ஆணையம் மனைவி பக்கம் தீர்ப்புச் சொல்லியும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விபத்து நடந்த அன்று பாலிசி உயிரோடு இல்லை என்பதுதான் காரணம். இன்சூரன்ஸ் பத்திரத்தில் எழுதியிருப்பதை அப்படியே படிக்க வேண்டும், இரக்கப்பட்டு மாற்றி எழுத முடியாது என்றார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்தபோது அந்த அம்மாவை நினைத்து மனசு கனத்தது. ஆனாலும் விதி அதுதான்.

அதனால் பணத்தைக் கட்டியவுடன் ரிவைவல் ஆகிவிட்டது என்றும் நினைக்கக்கூடாது. கட்டும் பணம் முதலில் டெபாசிட்டாக நிற்கும். உடல்நல அறிக்கையைப் பார்த்து, கிளை அலுவலகம் 'புதுப்பித்தாகிவிட்டது' என்று முடிவு செய்து தெரிவித்த பிறகுதான் முழுக் கவர் திரும்ப வரும்.

இப்போது அந்தச் சர்க்கரைக் கேள்வி. நண்பர் சொன்னதை நீங்கள் செய்யவே கூடாது. நேர்மை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் வீட்டுக் கணக்குக்கே அது நஷ்டம்.

ரிவைவலுக்கு 680 என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். உடல்நலம் பற்றிய கேள்விகள் வரிசையாக இருக்கும். கிளை அலுவலகத்துக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாக் கட்டத்திலும் 'இல்லை, இல்லை, இல்லை' என்று மளமளவென்று எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் விரலை வைத்துக் காட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதிய ஒரு படிவத்தால் இடிந்துபோன வீட்டையும் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டு அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து என் மேஜையில் வைத்தார். ரிவைவல் ரசீது, படிவத்தின் நகல், கடைசியாக மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி. அதன் இரண்டாவது வரியில், நோயாளிக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை என்று டியூட்டி டாக்டர் எழுதியிருந்தார். நள்ளிரவில் அட்மிஷன் போடும்போது, "சுகர் எத்தனை வருஷமா இருக்குங்க?" என்று கேட்டிருப்பார், வீட்டில் யாரோ உள்ளதைச் சொல்லியிருப்பார்கள். ரிவைவல் ஆகி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வரியை வைத்து ரிவைவலையே செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். குடும்பத்துக்குப் பெய்டு-அப் தொகை மட்டும் வந்தது.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1938 இன்சூரன்ஸ் சட்டம் 45-ம் பிரிவு, மூன்று வருடம் ஆன பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது என்கிறது. அந்த மூன்று வருடத்தைப் பாலிசி தொடங்கிய நாளிலிருந்து எண்ணலாம், ரிவைவல் ஆன நாளிலிருந்தும் எண்ணலாம். எது பிந்தியதோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பாலிசி 2023-லேயே அந்த மூன்று வருடத்தைத் தாண்டிவிட்டது. லேப்ஸ் ஆகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அதைத் தொட யாராலும் முடியாது. ரிவைவல் செய்யும் நாளிலிருந்து அந்தக் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கும்.

இப்போது இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். சர்க்கரையைச் சொல்லி, அவர்கள் ரிவைவல் முடியாது என்று சொன்னால் உங்களுக்கு என்ன போகும்? ஒன்றும் போகாது. கட்டிய டெபாசிட் திரும்ப வரும், 75,000-மும் போனஸும் முன்போலவே நிற்கும். சொல்லாமல் மறைத்து, மூன்று வருடத்துக்குள் ஏதாவது நேர்ந்தால்? பாக்கியும் வட்டியும் கட்டி, அதற்கப்புறம் தவணை தவணையாகக் கட்டியும், கடைசியில் வருவது பெய்டு-அப் தொகையாக இருக்கலாம். மறைத்தால் கிடைப்பதாக நினைப்பது, நீங்கள் எதற்காகப் பணம் கட்டுகிறீர்களோ அந்த நேரத்தில்தான் கையை விட்டுப் போகும்.

சொன்னால் மறுத்துவிடுவார்கள் என்ற பயமும் பெரும்பாலும் தேவையில்லாதது. 38 வயது, எட்டு மாதம் முன்பு தெரிந்தது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது என்றால் இரத்தப் பரிசோதனை கேட்பார்கள், டாக்டர் அறிக்கை கேட்பார்கள், ஒருவேளை பிரீமியத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள். இப்போதே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையை எடுத்து வையுங்கள். எண் அதிகமாக இருந்தால் டாக்டர் சொல்படி கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு விண்ணப்பிக்கலாம். அதற்காக ரொம்பத் தள்ளிப் போடாதீர்கள்.

பணம் எவ்வளவு தேவை? இரண்டு தவணை 16,100. வட்டி ஆயிரத்தைச் சுற்றித்தான் வரும். வருகிற மார்ச்சில் மூன்றாவது தவணையும் விழும். அதற்கு முன்னால் முடித்தால் சுமார் 17,000. தாண்டினால் 25,000 ஆகிவிடும். அதனால் வண்டி மறுபடி ஓடத் தொடங்கிய முதல் மாத வருமானத்தில் இதற்கென்று எடுத்து வையுங்கள். அப்படியும் சேரவில்லை என்றால் கிளையில் 'லோன்-கம்-ரிவைவல்' இருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்து வருடம் கட்டிய பாலிசிக்கு சரண்டர் மதிப்பு, அதாவது நடுவிலேயே முடித்துக்கொண்டால் கையில் வரும் தொகை, இருக்கும். அதன் மேல் கடனாக எடுத்துப் பாக்கியைக் கழித்துக்கொள்ளும் வழி அது. தவணையாகப் பாக்கியைக் கட்டும் ரிவைவலும் உண்டு. எல்.ஐ.சி. அவ்வப்போது ரிவைவல் முகாம் நடத்தி வட்டியில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்யும். நடந்துகொண்டிருந்தால் பயன்படுத்துங்கள், அது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில நூறு ரூபாய்த் தள்ளுபடிக்காகப் பல வாரம் கவர் இல்லாமல் இருப்பது வேண்டாம்.

கையில் மீதியிருக்கும் 3,100-இல் 248 ரூபாயை நாளைக்கே பாங்கில் செலவு செய்யச் சொல்கிறேன். போனில் பேசும்போது, பாஸ்புக்கில் 'ஜீவன் ஜோதி' என்று முன்பு பிடித்தார்கள், இரண்டு வருடமாகப் பிடிக்கவில்லை என்றீர்கள். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் போயிருக்கும், அதோடு அது நின்றுவிட்டது. அது பாங்க் வழியாக வரும் மத்திய அரசின் ஆயுள் காப்பீட்டுத் திட்டம். அதன் வருடம் ஜூன் 1 முதல் மே 31 வரை. முழு வருடத்துக்கு 436 ரூபாய், கவர் 2 லட்சம், 50 வயது வரை சேரலாம். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் சேர்ந்தால் அந்த வருடத்தின் மீதிக்கு 228 ரூபாய்தான். விபத்து தவிர மற்ற மரணங்களுக்கு முதல் 30 நாள் பணம் வராது, அதன் பிறகு வரும். கூடவே 20 ரூபாய் விபத்துத் திட்டம், அதிலும் 2 லட்சம். எல்.ஐ.சி. ரிவைவல் முடியும் வரை இருக்கும் இடைவெளியில் உங்கள் வீட்டுக்கு இது ஒரு முட்டு. மே 20-க்குள் அந்தக் கணக்கில் ஒரு 500 ரூபாய் போட்டு வைத்துவிடுங்கள்.

குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் என்று வருமானச் சான்று வாங்க முடியும் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் சேர்ந்துகொள்ளுங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம், பிரீமியத்தை அரசே கட்டுகிறது. அதற்காகக் கையில் இருக்கும் பாலிசியை விட்டுவிட வேண்டாம்.

உங்கள் ஏஜென்ட் கோவைக்குப் போய்விட்டார், எந்த நினைவூட்டலும் வரவில்லை என்று சொன்னீர்கள். விசாரித்தால், மூன்று பாலிசியிலும் இருப்பது 2020-ல் வைத்திருந்த பழைய செல் நம்பர். மெசேஜ் எல்லாம் இன்று யாரோ ஒருவருடைய போனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பணம் கட்டும் அன்றே நம்பரையும் மாற்றுங்கள். லோடு வருமானம் மாதாமாதம் ஏறி இறங்குவது என்பதால் எல்.ஐ.சி. தவணையைப் பாங்க் கணக்கிலிருந்து மாதாமாதம் பிடிக்கும் முறைக்கு மாற்றுவதில் எனக்கு விருப்பம் இல்லை. மாதத் தவணைக்கு அவகாசம் 15 நாள்தான். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் பாங்க் வேறு அபராதம் பிடிக்கும். அரையாண்டாகவே இருக்கட்டும்.

மருத்துவப் பாலிசியைக் கெடுவுக்குள் புதுப்பிக்கப் போயும் யாராவது மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதலாம். 50 லட்சம் வரையிலான தகராறுகளை அவர் விசாரிப்பார். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

எல்.ஐ.சி. கிளைக்குப் போகும்போது பாலிசிப் பத்திரம், கடைசியாகக் கட்டிய ரசீது, ஆதார், சர்க்கரைப் பரிசோதனை முடிவு, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் எடுத்துப் போங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள், கையெழுத்து அவருடையது. 680 படிவத்தை அங்கேயே நிரப்ப வேண்டாம். வீட்டுக்கு வாங்கி வந்து, இரவு சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகச் சத்தம் போட்டுப் படித்து, அவர் கையாலேயே எழுதட்டும். சர்க்கரை எந்த மாதம் தெரிந்தது, எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று எழுதிய பிறகு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, மறுநாள் கொடுத்துவிட்டு, அந்த நகலிலேயே முத்திரை வாங்கி வாருங்கள். கிளையில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். பிரீமியத்தைக் கூட்டினால், எவ்வளவு கூட்டினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை ஒத்துக்கொள்வதா, பெய்டு-அப்பாகவே விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பதா என்று அந்த எண்ணை வைத்துப் பார்ப்போம்.